ஓவர்கிளாக்கிங் செய்யலாமா? விருதுநகர் வெயிலுக்கு ஒரு கணக்கு

பிராசசருக்குக் கம்பெனி நிர்ணயித்த வேகத்தை உயர்த்தி ஓட்டுவதற்குப் பெயர் ஓவர்கிளாக்கிங். பைசா செலவில்லாமல் கம்ப்யூட்டர் வேகமாகும் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? அதற்கான வழிகாட்டிகளும் வீடியோக்களும் இணையத்தில் கொட்டிக் கிடக்கின்றன. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை ஏ.சி. போட்ட அறையில், 22 டிகிரி குளிரில் செய்து பார்த்தவை. விருதுநகர், சாத்தூர், சிவகாசி பக்கம் சித்திரை, வைகாசி மாதங்களில் வெயில் 40 டிகிரியைத் தொடும். மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் அறையில் ஃபேன் காற்றே அனலாக வீசும். அந்த வழிகாட்டியில் உள்ள எண்களை அப்படியே இங்கே காப்பியடித்தால் என்ன ஆகும்?

ஓவர்கிளாக்கிங்கே வேண்டாம் என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் அது சரியான பதில் அல்ல. செய்யலாம். ஆனால் தானியங்கி பட்டனை நம்பாமல், ஒவ்வொரு எண்ணையும் கையால் வைத்துச் செய்ய வேண்டும். இந்த ஊர் வெயிலைக் கணக்கில் சேர்க்க வேண்டும். முக்கியமாக, சோறு போடும் மெஷினில் செய்யக் கூடாது. இந்த மூன்றுக்கும் காரணம் உண்டு.

மார்ஜின் எங்கிருந்து வருகிறது?

சிவகாசியில் அச்சகத்தில் வேலை பார்க்கும் யாருக்கும் மார்ஜின் என்றால் விளக்க வேண்டியதில்லை. கட்டிங் மெஷினில் கத்தி ஒரு நூல் தள்ளி விழுந்தாலும் எழுத்து வெட்டுப்படாமல் இருக்க, ஓரத்தில் இடம் விடுவார்கள். அந்த இடம் வீண் என்று நினைத்து அதிலும் எழுத்தைப் போட்டால் என்ன ஆகும் என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

பிராசசரிலும் இதே கதைதான். ஒரே சிலிக்கான் தட்டிலிருந்து வெட்டியெடுக்கும் சில்லுகள் எல்லாம் ஒரே தரத்தில் இருப்பதில்லை. கம்பெனி ஒவ்வொன்றையும் சோதித்து, தாங்கும் வேகத்தைப் பொறுத்துத் தரம் பிரித்து விற்கிறது. மோசமான கூலர், தூசி அடைத்த கேபினட், கோடை வெயில், சில வருட உழைப்பு, இத்தனையையும் தாண்டி ஓடும்படி கொஞ்சம் இடம் விட்டுத்தான் வேகத்தை எழுதுகிறது. ஓவர்கிளாக்கிங் என்பது அந்த இடத்தை எடுத்துச் செலவு செய்வது. இலவசமாக எதுவும் கிடைப்பதில்லை.

ஒரு காலத்தில் இந்த இடம் மிக தாராளமாக இருந்தது. 1998-இல் வந்த இன்டெல் செலரான் 300ஏ என்ற பிராசசர் 300 மெகாஹெர்ட்ஸ் வேகம் கொண்டது. அதன் பஸ் வேகத்தை 66-லிருந்து 100-க்கு மாற்றினால் 450 மெகாஹெர்ட்ஸில் ஓடும். ஒரேயடியாக 50 சதவீதம் லாபம்! 2007-இல் வந்த கோர் 2 குவாட் க்யூ6600-இன் பஸ் வேகத்தை 266-லிருந்து 333-க்கு உயர்த்தினால் 2.4 கிகாஹெர்ட்ஸ் 3 கிகாஹெர்ட்ஸ் ஆகும். பலருடைய பிராசசர்கள் இதைச் சிரமமில்லாமல் தாங்கின. ஓவர்கிளாக்கிங் என்ற சொல்லுக்கு இன்றும் இருக்கும் கவர்ச்சி அந்த நாட்களில் வந்தது.

இன்றைய நிலை வேறு. இப்போதைய பிராசசர்கள் சூட்டையும் மின்சாரத்தையும் தாமே கவனித்து, இடம் இருக்கும் வரை வேகத்தைத் தாமே கூட்டிக்கொள்கின்றன. அதாவது மார்ஜினின் பெரும்பகுதியைக் கம்பெனியே செலவு செய்துவிட்டுத்தான் பெட்டியில் போட்டு விற்கிறது. மிச்சமிருப்பது பெரும்பாலும் 5 முதல் 10 சதவீதம்.

தானியங்கி பட்டனை ஏன் நம்பக் கூடாது?

"கையால் செய்தால் ஆபத்து, மதர்போர்டு கம்பெனி கொடுத்த ஆட்டோ பட்டனை அமுக்கினால் பாதுகாப்பு" என்று பலர் நினைக்கிறார்கள். அண்மையில் நடந்தவை இதற்கு நேர்மாறாக இருக்கின்றன.

2023 ஏப்ரலில் ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசை எக்ஸ்3டி பிராசசர்கள் சில கருகிப்போன படங்கள் வெளிவந்தன. ரேம் வேகத்தைக் கூட்டும் எக்ஸ்போ வசதியைத் தட்டிவிட்டதும், சில மதர்போர்டுகள் எஸ்ஓசி வோல்டேஜ் என்பதைத் தேவைக்கு மேல் ஏற்றியிருந்தன. பிறகு ஏஎம்டி அந்த வோல்டேஜுக்கு 1.3 வோல்ட் என்று உச்சவரம்பு வைத்து பயாஸ் திருத்தம் கொடுத்தது.

அடுத்தது இன்டெல். அதன் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்களில் உயர்ரகமானவை காரணமில்லாமல் நின்று போவதாகப் புகார்கள் குவிந்தன. மதர்போர்டுகள் மின்சார வரம்புகளைத் தளர்த்தி வைத்திருப்பது பற்றி முதலில் பேச்சு எழுந்தது. 2024 ஜூலையில் இன்டெல்லே, பிராசசரின் மைக்ரோகோட் தேவைக்கு அதிகமான வோல்டேஜைக் கேட்டு வாங்கியதை ஒப்புக்கொண்டது. ஆகஸ்டில் திருத்தம் வந்தது, வாரண்டியும் 2 வருடம் நீட்டிக்கப்பட்டது. ஆனால் ஏற்கெனவே பழுதான சில்லை எந்தத் திருத்தமும் பழைய நிலைக்குக் கொண்டுவராது.

இந்த இரண்டிலும் பொதுவாக இருப்பது என்ன? வோல்டேஜ் ஏறியது, ஆனால் எவ்வளவு ஏறியது என்பது மெஷினின் சொந்தக்காரருக்குத் தெரியாது. கையால் ஓவர்கிளாக் செய்பவர் குறைந்தபட்சம் தாம் வைத்த எண் என்ன என்பதை அறிந்திருப்பார். ஆட்டோ என்ற சொல்லுக்குப் பின்னால் இருக்கும் எண்ணைப் பார்க்காமல் விடுவதுதான் உண்மையான ஆபத்து.

வெயில் கணக்கு

பிராசசர் தின்னும் மின்சாரம் வேகத்துக்கு நேர்விகிதத்திலும், வோல்டேஜின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்திலும் கூடும். பிளஸ் டூ இயற்பியல் படித்தவர்களுக்கு இந்தக் கணக்கு எளிது.

3.6 கிகாஹெர்ட்ஸ் பிராசசரை 4 கிகாஹெர்ட்ஸுக்கு உயர்த்துவதாக வைத்துக்கொள்ளலாம். வேகம் 11 சதவீதம் கூடுகிறது. அது நிலையாக நிற்க வோல்டேஜை 1.20-லிருந்து 1.35-க்கு ஏற்ற வேண்டியிருக்கிறது. 1.35-ஐ 1.20-ஆல் வகுத்து வர்க்கம் செய்தால் 1.27. அதை 1.11-ஆல் பெருக்கினால் 1.41. ஆக, 11 சதவீத வேகத்துக்கு 41 சதவீத மின்சாரம்! அத்தனையும் சூடாகத்தான் வெளியே வர வேண்டும்.

இப்போது அறை வெப்பத்தைச் சேர்க்கலாம். ஒரே கூலர், ஒரே வேலை என்றால், அறையின் வெப்பத்தைவிட பிராசசர் எத்தனை டிகிரி அதிகம் சூடாகும் என்பது ஏறக்குறைய மாறாது. 22 டிகிரி அறையில் 72 டிகிரி காட்டினால் வித்தியாசம் 50. அதே மெஷின் 38 டிகிரி அறையில் 88 காட்டும். 41 சதவீத மின்சாரம் கூடினால் அந்த 50 என்பது 70 ஆகிவிடும். ஏ.சி. அறையில் 92, எப்படியோ சமாளிக்கும். விருதுநகர் அறையில் 108. பெரும்பாலான பிராசசர்களின் உச்சவரம்பு 95 அல்லது 100 டிகிரிதான். அதைத் தொட்டதும் பிராசசர் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துவிடும். இத்தனை பாடுபட்டும் மெஷின் முன்பைவிட மெதுவாக ஓடினால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

"எங்கள் அறையில் ஏ.சி. இருக்கிறதே" என்பார்கள் சிலர். கரன்ட் போனால் ஏ.சி. நின்றுவிடும், கம்ப்யூட்டர் யுபிஎஸ்ஸில் ஓடிக்கொண்டே இருக்கும். 2012-இல் சென்னைக்கு வெளியே பல மணி நேர மின்வெட்டைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. நிலைமை அதன்பின் வெகுவாக மாறிவிட்டாலும், கோடையில் கரன்ட் போகவே போகாது என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

யுபிஎஸ்ஸுக்கும் கணக்கு உண்டு. 600 விஏ என்று எழுதியிருக்கும் சாதாரண யுபிஎஸ் தாங்குவது ஏறக்குறைய 360 வாட்தான். கிராபிக்ஸ் கார்டு, மானிட்டர் எல்லாம் சேர்ந்து ஏற்கெனவே 300 வாட் எடுக்கும் மெஷினில் பிராசசரும் கூடுதலாகக் கேட்டால், கரன்ட் போன நொடியில் யுபிஎஸ்ஸும் கைவிரித்துவிடும். பேர் தெரியாத மலிவு எஸ்எம்பிஎஸ் வைத்திருப்பவர்கள் ஓவர்கிளாக்கிங்கை நினைக்கவே வேண்டாம்.

சோறு போடும் மெஷினில் வேண்டாம்

ஓவர்கிளாக் தோற்றுப்போனால் நீலத்திரை வரும், மெஷின் நிற்கும், அவ்வளவுதானே என்று பலர் நினைக்கிறார்கள். நிற்பது நல்லது! ஏதோ தவறு என்று தெரிந்துவிடும். நிற்காமல் தப்பாகக் கணக்குப் போடுவதுதான் மோசம். இன்டெல் விவகாரத்திலேயே இதைப் பார்க்கலாம். சுருக்கி வைத்த ஃபைல்களை விரிக்கும்போது பிராசசர் தவறு செய்தது. ஆனால் பல விளையாட்டுகள் திரையில் காட்டிய செய்தி, கிராபிக்ஸ் நினைவகம் போதவில்லை என்பது. நோய் ஒரு இடத்தில், வலி வேறு இடத்தில். குற்றமில்லாத கிராபிக்ஸ் கார்டைப் பலர் சந்தேகப்பட்டார்கள்.

இதைச் சிவகாசியில் வைத்துப் பார்க்க வேண்டும். தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் அடிக்கத் தொடங்கி, நாடு முழுவதற்கும் காலண்டரும் டைரியும் நோட்டுப் புத்தகமும் அச்சிடும் ஊராக வளர்ந்தது அது. ஆடிப்பெருக்கு வந்தால் அடுத்த வருடக் காலண்டர் ஆல்பங்கள் வந்துவிடும், அதன்பின் மார்கழி வரை மூச்சுவிட நேரமிருக்காது. அங்கே டிசைன் செய்யும் கம்ப்யூட்டரில் ஒரு ஃபைல் கெட்டுப்போனால், பெரும்பாலும் அது திறக்காமல் போகும் அல்லது படம் சிதைந்து தெரியும். கண்ணில் பட்டால் பிழைத்தது. படாமல் பிளேட் எடுத்துவிட்டால்? ஆப்செட்டில் ஒரு பிளேட் என்பது ஆயிரக்கணக்கான தாள். 5 சதவீத வேகத்துக்காக அந்தத் தாள்களை எடைக்குப் போடத் தயாரா என்பதுதான் கேள்வி.

அப்படிப்பட்ட மெஷினுக்குக் கூடுதல் ரேமும் நல்ல எஸ்எஸ்டியும் கொடுக்கும் லாபத்தை எந்த ஓவர்கிளாக்கும் கொடுக்காது. இன்னும் சொல்லப்போனால், பயாஸில் மின்சார வரம்பைக் கொஞ்சம் குறைத்து வைப்பதே கோடைக்கு நல்லது. ஏஎம்டியில் ஈகோ மோட் என்று இதற்கு ஒரு வசதி இருக்கிறது. வேகம் சிறிதளவே குறையும், சூடு வெகுவாகக் குறையும்.

விதி ஏன் கஞ்சத்தனமாக இருக்கிறது?

பட்டாசு ஆலைகளில் ஒரு அறையில் எத்தனை பேர், எவ்வளவு மருந்து, அறைக்கும் அறைக்கும் எவ்வளவு தூரம் என்றெல்லாம் விதி உண்டு. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இவை கஞ்சத்தனமாகத் தோன்றும். அறையில் இடம் இருக்கிறதே, இன்னும் இரண்டு பேர் உட்கார்ந்தால் என்ன? சீசன் நேரமாயிற்றே, மரத்தடியில் வைத்து வேலை செய்தால் என்ன? முதல் நாள் ஒன்றும் ஆகாது. மறுநாளும் ஒன்றும் ஆகாது. ஒன்றும் ஆகாத நாட்களே விதி தேவையில்லை என்பதற்குச் சாட்சியாகிவிடுகின்றன. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் 35-க்கும் மேற்பட்டோரும், 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்தில் 20-க்கும் மேற்பட்டோரும் இறந்தார்கள். விபத்துக்குப் பிறகு அளவுக்கு மீறிய ஆட்கள், அளவுக்கு மீறிய மருந்து என்ற பேச்சு இப்பகுதியில் எழாத வருடம் குறைவு.

உயிரையும் பிராசசரையும் ஒரே தராசில் வைக்க முடியாது, வைக்கவும் கூடாது. பிராசசர் போனால் காசு போகும், அவ்வளவுதான். ஆனால் மார்ஜின் என்பது எதற்காக இருக்கிறது என்ற அறிவு இரண்டுக்கும் ஒன்றுதான். நேற்று ஒன்றும் ஆகவில்லை என்பது, இன்றைக்கும் ஆகாது என்பதற்கு ஆதாரம் அல்ல. இதை மற்ற ஊர்க்காரர்களைவிட இந்த மாவட்டத்துக்காரர்கள் நன்றாக அறிவார்கள்.

சரி, எப்படிச் செய்வது?

முதலில் மெஷின் இதற்கு ஒத்துக்கொள்ளுமா என்று பார்க்க வேண்டும். இன்டெல்லில் பெயரின் கடைசியில் கே என்ற எழுத்து உள்ள பிராசசரும், இசட் வரிசை சிப்செட் கொண்ட மதர்போர்டும் வேண்டும். ஏஎம்டி ரைசனில் பெரும்பாலானவை பூட்டப்படாதவை, ஆனால் மதர்போர்டு பி அல்லது எக்ஸ் வரிசையாக இருக்க வேண்டும். ஏ வரிசையில் முடியாது. ஓவர்கிளாக்கால் வரும் பழுதுக்கு இரண்டு கம்பெனிகளும் வாரண்டி தருவதில்லை என்பதையும் மனதில் வைக்க வேண்டும்.

1. கேபினட்டைத் திறந்து ஹீட்சிங்கில் அடைத்திருக்கும் தூசியை எடுக்க வேண்டும். காய்ந்துபோன தெர்மல் பேஸ்டை மாற்ற வேண்டும். பல மெஷின்களுக்கு இதுவே பாதி ஓவர்கிளாக்!

2. முக்கியமான ஃபைல்களை வேறு டிஸ்கில் எடுத்து வைக்க வேண்டும். பயாஸை அப்டேட் செய்வதாக இருந்தால் யுபிஎஸ் பேட்டரி நன்றாக இருக்கும்போது மட்டுமே செய்ய வேண்டும். நடுவில் கரன்ட் போனால் மதர்போர்டே செத்துப்போகலாம். கிளியர் சிமாஸ் ஜம்பர் எங்கே இருக்கிறது என்பதையும் முன்கூட்டியே பார்த்து வைப்பது நல்லது.

3. எதையும் மாற்றாமல், முழு வேலை கொடுத்து, எத்தனை டிகிரி, எத்தனை வோல்ட், எத்தனை வாட் என்று குறித்துக்கொள்ள வேண்டும். எச்டபிள்யுஇன்ஃபோ என்ற இலவச மென்பொருள் போதும். மாற்றாமலே 85 டிகிரியைத் தாண்டினால் அங்கேயே நிறுத்திவிட்டு, முதலில் நல்ல கூலர் வாங்க வேண்டும்.

4. வோல்டேஜை ஆட்டோவிலிருந்து எடுத்து, மூன்றாவது படியில் குறித்த எண்ணைக் கையால் வைக்க வேண்டும். பிறகு மல்டிபிளையரை ஒரே ஒரு படி, அதாவது 100 மெகாஹெர்ட்ஸ் கூட்ட வேண்டும். பேஸ் கிளாக் 100-ஐத் தொடாமல் விடுவது நல்லது, ஏனென்றால் பல போர்டுகளில் மற்ற பாகங்களும் அதை நம்பி ஓடுகின்றன. ரேம் வேகத்தையும் அதே நாளில் மாற்றக் கூடாது. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும்!

5. பிரைம்95 அல்லது ஓசிசிடி போட்டு 15 நிமிடம் ஓட்டிப் பார்க்க வேண்டும். பிழையில்லை என்றால் அடுத்த படி. பிழை வந்தால் வோல்டேஜை 0.01 அல்லது 0.02 மட்டும் கூட்டிப் பார்க்கலாம். ஒரே படிக்கு இரண்டு மூன்று முறை வோல்டேஜ் கேட்டால், சில்லு போதும் என்று சொல்கிறது என்று பொருள்.

6. நின்ற இடத்திலிருந்து ஒரு படி கீழே இறங்க வேண்டும். அந்த 100 மெகாஹெர்ட்ஸ்தான் வெயிலுக்கு விடும் மார்ஜின். பிறகு சில மணி நேரம் தொடர்ந்து ஓட்டிப் பார்க்க வேண்டும். விண்டோஸ் ஈவன்ட் வியூவரில் டபிள்யுஎச்இஏ என்ற பெயரில் ஒரு பிழை பதிவானாலும், திரையில் ஒன்றும் தெரியாவிட்டாலும், அது தோல்விதான்.

7. கடைசிச் சோதனை ஏ.சி. இல்லாமல், பிற்பகல் 2 மணிக்கு நடக்க வேண்டும். மார்கழி விடியற்காலையில் நிலையாக நின்றது சித்திரை நடுப்பகலில் நிற்கும் என்று சொல்ல முடியாது.

எல்லாம் முடிந்ததும் பழைய எண்கள், புதிய எண்கள், சோதித்த தேதி மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கேபினட்டின் உட்பக்கம் ஒட்டிவிட வேண்டும். ஒரு வருடம் கழித்து மெஷின் தகராறு செய்யும்போது, சர்வீஸ் செய்ய வருபவருக்கு அந்தத் தாள் பெரிய உதவி.

இவ்வளவு பாடு எதற்கு?

கிடைப்பது 5 சதவீதம், அதற்கு ஒரு வாரம் பாடா என்று கேட்பது நியாயம்தான். வேகம் மட்டுமே வேண்டுமென்றால் இது லாபமில்லாத வேலை. ஆனால் பாலிடெக்னிக்கிலோ இன்ஜினியரிங் கல்லூரியிலோ படிக்கும் ஒரு மாணவருக்கு வோல்டேஜ், மின்சாரம், வெப்பம் மூன்றும் எப்படிப் பின்னிக் கிடக்கின்றன என்பதைத் தன் கையாலேயே காட்டும் ஆய்வுக்கூடம் இது. 2011-இல் வந்த கோர் ஐ5 2500கே போன்ற பழைய பிராசசர், அதற்கேற்ற போர்டோடு செகண்ட்ஹேண்டில் கிடைத்தால் போதும். போனாலும் பெரிய நஷ்டமில்லை.

அப்படிக் கற்றுக்கொண்டவர் நாளை எந்த வேலைக்குப் போனாலும், ஒரு மெஷினின் மீது எழுதியிருக்கும் வரம்பைப் பார்த்து "இது சும்மா எழுதியது" என்று சொல்லமாட்டார். அந்த வரம்பு எப்படி வந்தது, அதில் எவ்வளவு இடம் இருக்கிறது, அதைச் செலவு செய்தால் யாருக்கு நஷ்டம் என்று கேட்பார். விருதுநகர் மாவட்டத்துக்கு 4 கிகாஹெர்ட்ஸைவிட அப்படிக் கேட்கும் ஆட்கள்தான் அதிகம் தேவை.